ரூட் நாலு, சிவப்பு வட்டம்

பஸ் வரவில்லை என்கிறான் மணிகண்டபிரபு. பஸ் வந்தது என்கிறார் டிரைவர் பாண்டுரங்கன். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆள் இல்லை. காஞ்சனாவுக்கு அதுதான் பிடிபடவில்லை.

ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர் கட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனி அது. காஞ்சனாவுக்கு அங்கே டிரான்ஸ்போர்ட் டெஸ்க். பதினொரு பஸ், மூன்று ஷிஃப்ட், அறுநூற்றுச் சொச்சம் பேர். மறுநாள் எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று முந்தின சாயங்காலமே வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவள் அதை மறந்ததில்லை.

திங்கட்கிழமை காலை, டைம் ஆபீஸ் சபாபதி அவள் மேஜை மேல் லேட் ரிஜிஸ்டரை விரித்து வைத்தார்.

"இந்தப் பையன் உன் ரூட் நாலு தானே? இருங்காட்டுக்கோட்டை?"

"ஆமா சார். கண்ணு தெரியாதவரு. சப்-அசெம்பிளி."

"இந்த மாசம் மூணு லேட். மூணுக்கும் ஒரே காரணம், பஸ் வரலையாம். பாண்டுரங்கன இட்டாந்து கேட்டேன். மூணு நாளும் பாயிண்ட்டுக்கு டைமுக்குப் போனேன் சார்னு சத்தியம் பண்றான். புதன்கிழமை டிரெய்னி ஆளுங்களுக்கு வேலைய நீட்டிக்கிற லிஸ்ட் மேல போவுது. மூணு லேட்டுன்னா பேரை எடுத்துட வேண்டியதுதான், ரூல். நீ ஒரு வரி எழுதிக் குடு, பஸ் ஒழுங்காத்தான் ஓடிச்சுன்னு. முடிச்சுடலாம்."

ஒரு வரிதான். இரண்டு நிமிட வேலை. காஞ்சனா பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

மணிகண்டபிரபுவை அவளுக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், பிறவியிலேயே பார்வை இல்லை. கனெக்டருக்குள் ஒயரைச் செருகி, 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும் வரை அழுத்துவதுதான் வேலை. நான்கு மாதத்தில் அவன் கைபட்ட ஒரு துண்டுகூடத் திரும்பி வந்ததில்லை. பஸ் புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதே கோலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ரெடியாக நிற்கிறவன். அவன் எப்படி ஒரே மாதத்தில் மூன்று முறை பஸ்ஸை விடுவான்?

மதியம் கேன்டீனில் அவன் எதிரே தட்டோடு போய் உட்கார்ந்தாள்.

"பிரபு, நான் காஞ்சனா. டிரான்ஸ்போர்ட்."

"தெரியும்க்கா. தெனம் மைக்குல 'ரூட் ஒம்பது கெளம்புது, ஓடியாங்க'ன்னு கத்துதீங்க, உங்க கொரலு தெரியாம இருக்குமா?"

"நக்கல் இருக்கட்டும். அந்த மூணு நாளு இன்னாதான் ஆச்சு?"

அவன் சிரிப்பு நின்றது. "நின்னேன்க்கா. அஞ்சரைக்கே போயி டீக்கடை முக்குல நின்னேன். அஞ்சு நாப்பது ஆச்சு, அம்பது ஆச்சு, பஸ்ஸக் காணோம். ஆறு மணிக்கு ஆட்டோ பிடிச்சி வந்தேன்."

"கூட நம்ம ஆளுங்க யாருமே இல்லியா?"

"ஒருத்தரும் பேச்சுக் குடுக்கல. எனக்கு முந்தியே எல்லாரும் ஏறிட்டாங்க போலன்னு நெனச்சேன். ரூம்ல கூட இருக்க ரெண்டு பேரும் வேற கம்பெனி. யாரக் கேக்கறது?"

"மூணு நாளும் இப்டித்தானா?"

"ம்..." என்று சோற்றைப் பிசைந்தான். வெறும் தயிர்சாதத்தைப் பிசைய அவ்வளவு நேரம் ஆகாது. காஞ்சனா அதைக் கவனித்தாள். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி முந்திக்கொண்டது.

"முந்தின நாளு குரூப்ல நான் போட்டத பாக்கலையா?"

"கேட்டேனே. என் போன் படிச்சுச் சொல்லும்லா? 'ரூட் நாலு, காலை அஞ்சு நாப்பது.' அவ்வளவுதான் இருந்துச்சு."

தட்டைக் கழுவிய ஈரக் கையோடு அவள் பாண்டுரங்கனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, மூணு, பன்னெண்டு, பத்தொம்போது. இந்த மூணு தேதியும் எங்கண்ணே நிறுத்தின?"

"இன்னாம்மா, சபாபதி சாரு மாதிரியே நீயும் குடையிற? பாயிண்ட்டுக்குப் போனேன்னு எத்தினி தபா சொல்றது?"

"எந்தப் பாயிண்ட்டுண்ணே?"

"நீ போட்ட பாயிண்ட்டுதான்! மூணாந்தேதி பாலத்துக்குக் கீழ. பன்னெண்டும் பாலம். பத்தொம்போது டீக்கடை. டைரில கீது, வந்து பாரு."

காஞ்சனாவின் காது மடல் சுட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் டீக்கடை இருக்கும் சந்துக்குள் இந்த மாதத்திலிருந்து சில நாட்களில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிடுகின்றன. பஸ் உள்ளே போக வழியிருக்காது. அந்த நாட்களில் டீக்கடை முக்குக்குப் பதில் அரைக் கிலோமீட்டர் தள்ளி, பாலத்துக்குக் கீழே பஸ் நிற்கும். இதைத் தினமும் நீட்டி எழுதுவானேன் என்று காஞ்சனா ஒரு யோசனை பண்ணினாள். பச்சை வட்டம் போட்டால் டீக்கடை முக்கு. சிவப்பு வட்டம் போட்டால் பாலம். லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். தமிழ் படிக்க வராது. வட்டத்தைப் பார்த்ததும் அவர்களுக்கும் புரிந்துவிடும். மேனேஜரே கூப்பிட்டுப் பாராட்டிய யோசனை அது.

செய்தி இப்படித்தான் போகும்: "ரூட் 4 🔴 காலை 5.40."

கண் தெரியாத ஒருவனின் போன் அந்த வட்டத்தை என்னவென்று சொல்லும்? நான்கு வருடத்தில் முதல் தடவையாக இந்தக் கேள்வி அவளுக்கு வந்தது. வந்ததும் விடை தெரியாமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் படப்பைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, போனில் செட்டிங்ஸைத் திறந்து துழாவினாள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் வசதி ஒரு மூலையில் இருந்தது. ஆன் செய்தாள். போன் உடனே உரத்த குரலில் பேசத் தொடங்கியது. பதறிப்போய் வாட்ஸ்ஆப்பைத் தொட்டாள். "வாட்ஸ்ஆப்" என்றதே தவிர, திறக்கவில்லை. மறுபடி தொட்டாள். மறுபடி "வாட்ஸ்ஆப்."

"ரெண்டு வாட்டி தட்டுங்கக்கா. எங்க காலேஜ்ல ஒரு பொண்ணு அப்டித்தான் யூஸ் பண்ணும்" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

தட்டினாள். குரூப் திறந்தது. விரல் பட்ட இடத்தில் சபாபதி சாரின் காலைச் செய்தி.

"இனிய காலை வணக்கம். கூப்பிய கைகள். கூப்பிய கைகள். கூப்பிய கைகள். ரோஜா. ரோஜா. கூப்பிய கைகள்..."

நிறுத்தத் தெரியவில்லை. எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் எண்ணிக்கொண்டே வந்தார். "யாரும்மா அது, இத்தினி கும்பிடு போடுறாரு? எலக்சன்ல நிக்கிறாரா?"

ஆட்டோவே சிரித்தது. காஞ்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே தள்ளித் தள்ளி, பதினோராம் தேதி சாயங்காலம் தான் போட்ட செய்தியைக் கண்டுபிடித்துத் தொட்டாள்.

"ரூட் நான்கு. சிவப்பு வட்டம். காலை ஐந்து நாற்பது."

தெளிவாகச் சொன்னது. சிவப்பு வட்டம்.

அப்படியானால் அவனுக்கும் கேட்டிருக்கும். கேட்டும் டீக்கடை முக்கில் போய் நின்றிருக்கிறான். தப்பு தன் மேல் இல்லை என்றதும் மனசு லேசானது. லேசானதை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் கணக்கு எங்கோ இடித்தது. 'அவ்வளவுதான் இருந்துச்சு' என்று அவன் சொன்னானே. வட்டத்தைப் பற்றி மூச்சே விடவில்லையே.

செவ்வாய்க்கிழமை டீ பிரேக்கில் நேராக அவனுடைய மேஜைக்கே போனாள்.

"பிரபு, பன்னெண்டாந்தேதி மெசேஜ என் போன்ல படிக்க வச்சுக் கேட்டேன். சிவப்பு வட்டம்னு நல்லா சொல்லுது. உனக்குச் சொல்லல?"

"என்ன வட்டம்?" என்றான் அவன்.

அவன் போனை எடுத்து ஓட விட்டான். அசுர வேகத்தில் ஒரு குரல். அந்த வேகத்தில் அவளுக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அவளுக்காகக் குறைத்து வைத்தான். "ரூட் நான்கு. காலை ஐந்து நாற்பது." நடுவில் ஒரு சின்ன இடைவெளிகூட இல்லை.

"என்னோடது வேற ஆப்புக்கா. இதுல பொம்மைகளப் படிக்காதேன்னு சொல்லி வைக்கலாம். நான் சொல்லி வச்சிருக்கேன்."

"இன்னாத்துக்கு?"

அவன் அதை ஆன் செய்து அன்றைய காலைச் செய்திகளைத் தொட்டான். கூப்பிய கைகள், ரோஜா, கூப்பிய கைகள், சூரியன், ஆனந்தக் கண்ணீர் விடும் முகம், ஆனந்தக் கண்ணீர் விடும் முகம், ஆனந்தக் கண்ணீர் விடும் முகம்...

"தெனம் நாப்பது பேரு வணக்கம் போடுதாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு பூமாலையே கட்டுதாங்க. கேட்டு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸே போயிரும். சேந்த மொத வாரமே வாயக் கட்டிப்புட்டேன்."

"அடப்பாவி! என் வட்டமும் அதுல போச்சா!"

"வட்டம் போட்டிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வட்டம் இல்லாமலே அந்த வரி முழுசா இருக்குல்லா? ஏதாவது விட்டுப்போன மாதிரி இருந்தா நானே கேட்ருப்பேன்."

உண்மைதான். 'ரூட் நாலு, காலை அஞ்சு நாற்பது.' அதில் குறை எதுவும் தெரியவில்லை. ஒரு சொல் உதிர்ந்திருந்தால் வாக்கியம் நொண்டியிருக்கும். வட்டம் உதிர்ந்தபோது ஒரு தடயமும் இல்லை.

"சரி, இப்போ ஆன்ல கீது இல்ல? கேளு" என்றாள்.

"ரூட் நான்கு. சிவப்பு வட்டம். காலை ஐந்து நாற்பது."

"கேட்டுச்சுக்கா. சிவப்பு வட்டம்னா என்ன?"

"அதான் குரூப்ல ஒண்ணாந்தேதியே விளக்கம் போட்டேனே, பாலத்துக்குப் பக்கத்துல சிவப்பு, டீக்கடைக்குப் பக்கத்துல பச்சை, அழகா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

"படமாப் போட்டீங்களா?"

"...போஸ்டர்."

"என் போன் அத 'போட்டோ'ன்னு மட்டும் சொல்லும்க்கா. குரூப்ல தெனம் இருபது போட்டோ வருது."

காஞ்சனா பக்கத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கூட்டிப் பார்த்தால் மூன்றாம் தேதியும் பன்னிரண்டாம் தேதியும் சிவப்பு. இந்த மாதம் மொத்தமே அந்த இரண்டு நாள்தான் சிவப்பு. அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆனால் பத்தொன்பது? அன்று பச்சை. பஸ் டீக்கடை முக்குக்கே போயிருக்கிறது. அன்றும் பஸ் வரவில்லை என்றல்லவா ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறது?

கேட்க வாயெடுத்தாள். டீ பிரேக் முடிந்த மணி அடித்தது. அவன் கை தன்னால் கனெக்டரைத் தேடிப் போனது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு சபாபதியின் அறை. பிரபுவைச் சுவரோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, காஞ்சனா எழுதி வந்த தாளை நீட்டினாள். அவர் கேட்டது ஒரு வரி. அவள் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். 'பஸ் நிற்கும் இடத்தைச் சொல்லால் எழுதாமல் வட்டத்தால் மட்டும் காட்டியது டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கின் தவறு' என்ற இடத்தில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னாத்துக்கும்மா உன் தலைல போட்டுக்கிற? மேனேஜரே நல்லா கீதுன்னு சொன்ன ஐடியா."

"பாக்குறவங்களுக்கு நல்லாத்தான் சார் கீது. இவரு கேக்குறவரு. நீங்களே கேளுங்க."

பிரபுவின் போனில் பொம்மைகளைப் படிப்பது பழையபடி ஆஃப் ஆகியிருந்தது; அதை மேஜை மேல் வைத்து ஓட விட்டாள். சபாபதி காதைக் கிட்டே கொண்டுபோனார். மறுபடி கேட்டார். கையில் இருந்த தன் போனில் அதே செய்தியைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவையும் கேட்டார்.

"இங்க சிவப்பு கீது. அங்க எங்க போச்சு?"

"அதான் சார் போயிடுச்சு."

"அட!" சிறு பிள்ளை மாதிரி தன் போனையும் அவன் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எதுக்குய்யா அத ஆஃப் பண்ணி வச்ச?"

பிரபு வாயை இறுக மூடிக்கொண்டான். காஞ்சனா உத்தரத்தைப் பார்த்தாள்.

"சும்மா சொல்லு."

"காலை வணக்கம் சார்" என்றான் பிரபு. "ஒங்களுதுல மட்டும் இருபத்திநாலு கும்பிடு."

சபாபதிக்குக் கோபம் வரப்போகிறது என்றுதான் காஞ்சனா நினைத்தாள். அவரோ தன் செய்தியைத் திறந்து விரல் வைத்து எண்ணினார். "இருபத்திநாலேதான்" என்றார். பிறகு முகம் மாறியது. ரிஜிஸ்டரைப் புரட்டினார். டைம் ஆபீஸில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவர். ஓட்டை அவர் கண்ணுக்குத் தப்புமா?

"மூணும் பன்னெண்டும் சரி. பத்தொம்போது பச்சைதானே? அன்னிக்கும் பஸ் வரலன்னு எழுதிருக்கு. பச்சைல எப்டி பஸ் வராம போவும்? அப்போ இந்தக் கதையெல்லாம் இன்னா?"

காஞ்சனா பிரபுவின் பக்கம் திரும்பினாள். இந்த ஒரு நாள் சாய்ந்தால் மற்ற இரண்டு நாளும் சேர்ந்து சாயும். சாக்குக்காகச் சொல்கிற கதை என்று ஆகிவிடும். லிஸ்டில் பேர் போய்விடும்.

"சார்" என்றான் பிரபு. "அன்னைக்கு நான் தூங்கிட்டேன்."

சபாபதி நிமிர்ந்தார்.

"அலாரம் அடிச்சுது சார். அமத்திப்புட்டுத் தூங்கிட்டேன். ஓடிவந்தேன். கேட்ல செக்யூரிட்டி அண்ணன் 'மறுபடியும் பஸ் வரலையா'ன்னு அவரே கேட்டாரு. ஆமான்னுட்டேன். அது பொய்தான். ஆனா மத்த ரெண்டு நாளும் சத்தியமா நின்னேன்."

அந்த தயிர்சாதம் ஏன் அவ்வளவு நேரம் பிசைபட்டது என்று காஞ்சனாவுக்கு இப்போது விளங்கியது. 'அடேய், வாயை வச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாமேடா' என்று மனசுக்குள் திட்டினாள்.

சபாபதி ரிஜிஸ்டரை மூடினார். திறந்தார். காரணம் என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டினார்.

"பஞ்சர். மழை. ரயில்வே கேட். மாமா சாவு. இதே ஆளுக்கு இதே மாமா போன வருஷமும் செத்தாரு. பதினஞ்சு வருஷமா இந்த நோட்டைப் பாக்குறேன். தூங்கிட்டேன்னு சொன்ன மொத ஆளு நீதான்யா."

யாரும் சிரிக்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார். மூன்றாம் தேதியையும் பன்னிரண்டாம் தேதியையும் அடித்து, பக்கத்தில் 'டிரான்ஸ்போர்ட் தவறு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பத்தொன்பதை அப்படியே விட்டார்.

"ஒரு லேட். ஒரு லேட்டுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, ரூல். லிஸ்ட்ல பேர் இருக்கும், ஆறு மாசம். ஆனா பொய்க் காரணம் சொன்னதுக்கு உனக்கு ஒரு மெமோ. உனக்கும்தான் காஞ்சனா, மெமோ."

"சரி சார்" என்றாள் அவள். நான்கு வருடத்தில் முதல் மெமோ.

"இன்னிக்கே குரூப்ல மாத்திடு. வட்டத்தத் தூக்கிடு."

"தூக்க முடியாது சார். தூக்கினா ஒடிசா பசங்க டீக்கடைல நிப்பானுங்க. எழுத்துல முழுசா எழுதிட்டு, கடைசில ஒரே ஒரு வட்டம் போட்றேன். ரெண்டு பேருக்கும் ஆவும்."

அங்கேயே நின்றபடி அடித்தாள். 'ரூட் 4. நாளை பஸ் டீக்கடை முக்குக்கு வராது. பாலத்துக்குக் கீழே நிற்கும். காலை 5.40. 🔴' மறுநாளும் டிரெய்லர் நிற்கும் என்று பாண்டுரங்கன் காலையிலேயே சொல்லியிருந்தார். அனுப்பினாள். மேஜை மேல் பிரபுவின் போன் அதைப் படித்தது. அவன் தலையாட்டினான்.

வெளியே காரிடாரில் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை ஒட்டி இருவரும் நடந்தார்கள்.

"எதுக்குடா சொன்ன? அவரு நம்பாம இருந்திருந்தா வேலையே போயிருக்கும்."

"நீங்க ஒங்க தப்ப அரைப் பக்கம் எழுதினீங்க. பக்கத்துல உக்காந்துக்கிட்டு என் ஒரு வரிய எப்படி முழுங்க?" என்றான். கொஞ்ச தூரம் போனதும் நின்றான். "அக்கா, ஒண்ணு கேக்கணும். ஆனந்தக் கண்ணீர் விடும் முகம்னு சொல்லுதே, அது எப்படி இருக்கும்? சிரிக்குமா, அழுவுமா?"

"ரெண்டும். வாய் முழுசாத் தொறந்து, மேல்பல்லு தெரியும். கண்ணு ரெண்டும் மூடிக்கும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு நிக்கும்."

"அதத்தான் எல்லாரும் மூணு மூணாப் போடுதாங்களா? அப்ப ஆறு சொட்டு." அவன் அதை மனசுக்குள் போட்டுப் பார்க்கிற மாதிரி முகத்தைச் சுளித்தான். "நான் ஒண்ணுமே போடறதில்லக்கா. எங்க அக்கா காவேரி, நீ என்னடா எப்பப் பாரு கோவமாவே மெசேஜ் போடுதன்னு கேக்கா. இன்னைக்கு அவளுக்குச் சொல்லணும். வேலை ஆறு மாசம் நீட்டிச்சிருக்காங்க, கூட ஒரு மெமோவும் குடுத்துருக்காங்க. இதுக்கு எந்த மூஞ்சி போடணும்?"

காஞ்சனா தன் போனில் முகங்களின் வரிசையைத் திறந்தாள். தினமும் யோசிக்காமல் அள்ளிப் போட்ட முகங்கள். இப்போது ஒவ்வொன்றையும் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

"இது வெறும் சிரிப்பு. மெமோ வாங்கினவன் மூஞ்சி மாதிரி இல்ல. இது பல்லக் கடிச்சுக்கினு இருக்கு."

"அது மெமோவுக்கு மட்டும்தான் சரி. அடுத்தது?"

"இது தலைகீழாச் சிரிக்குது."

"தலைகீழாவா? எதுக்கு?"

"தெரியலப்பா. நானும் இத்தினி நாளு போட்டுக்கினுதான் இருக்கேன்."

"அப்ப மொதல்ல எழுத்துல எழுதிடுதேன்" என்று அவன் சுவரில் சாய்ந்து போனை எடுத்தான். "நீங்க தேடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

அவன் விரல்கள் திரையில் ஓட, அவள் அடுத்த வரிசைக்கு நகர்த்தினாள்.